கானானியரின் கேள்வி: விவிலியத்தின் கடினப் பகுதிகளும் ஊவாத் தோட்டப்புற வாசிப்பும்

லுணுகலையை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பிராவிலே நடைபெற்ற வேதபாடக் கலந்துரையாடலொன்றிற்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். அன்று யோசுவாவின் நூலில் எரிகோ நகரம் வீழ்ந்த வரலாறு வாசிக்கப்பட்டது. எக்காளம் முழங்க மதில் சரிந்தமையும், நகரிலிருந்த ஆண் பெண், முதியோர் இளையோர் அனைவரும் வாளுக்கிரையானமையும் கூறும் பகுதி முடிந்ததும், மலையிலிருந்து நேரே வந்திருந்த கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர் உபதேசியாரை நோக்கி, "ஐயா, அங்கன இருந்த சின்னப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்று கேட்டார். அந்நாட்டு மக்கள் பாவத்தில் முதிர்ந்திருந்தனர் என்றும், அவர்களை விட்டுவைத்திருந்தால் இஸ்ரவேலரும் கெட்டுப்போயிருப்பர் என்றும் உபதேசியார் விடையளித்தார். அப்பெண் தலையசைத்தார். சிறிது நேரங் கழித்து, எவரையும் நோக்காது, "எங்களையும் அப்பிடித்தானே சொன்னாங்க" என்றார். கலந்துரையாடல் வேறு விடயத்திற்குச் சென்றது.

'எங்களையும்' என்ற அச்சொல்லே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கடவுள் நல்லவராயின் இத்தகைய கட்டளைகளை எங்ஙனம் இட்டார் என்னும் ஐயம் இரண்டாயிரமாண்டுப் பழைமையுடையது. அதனை இறையியல் வினாவாக ஆராய்வது எமது நோக்கமன்று; அதற்குரிய தகுதியும் எமக்கில்லை. அவ்வினா எந்தச் சமூக நிலையிலிருந்து கேட்கப்படுகின்றது, அதற்கு அளிக்கப்படும் விடைகள் யாருடைய நலனைக் காக்கின்றன என்பவற்றை இலங்கை வரலாற்றின் பின்னணியில், சிறப்பாக ஊவாப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

1. வினாவும் மரபுவழி விடைகளும்

விவிலியத்தின் கடினப் பகுதிகள் என வழங்குவனவற்றை வசதி கருதி மூன்று வகையினுள் அடக்கலாம். முதலாவது, இறைகட்டளையின் பெயரால் ஒரு மக்கட் கூட்டம் முழுவதும் அழிக்கப்படுதல். உபாகமத்தின் இருபதாம் அதிகாரம், எரிகோவின் வீழ்ச்சி, 1 சாமுவேல் பதினைந்தாம் அதிகாரத்து அமலேக்கியர் கதை என்பன இவ்வகையின. இரண்டாவது, ஒருவர் குற்றத்திற்காக வேறொருவர் தண்டிக்கப்படுதல். எகிப்தியரின் தலைப்பிள்ளைகளும் யோபுவின் மக்களும் மாண்டமை இதன்பாற்படும். மூன்றாவது, அடிமைத்தனத்திற்குச் சமயம் வழங்கும் ஒப்புதல். ஆதியாகமத்திலே கானானின் மீது விழும் சாபமும், கிபியோனியர் விறகு வெட்டுவோராகவும் நீர் சுமப்போராகவும் விதிக்கப்பட்டமையும், அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டுமெனக் கூறும் நிருபப் பகுதிகளும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இவை கிறித்தவத்தின் எதிரிகள் மட்டும் கண்டுபிடித்தவையல்ல. இரண்டாம் நூற்றாண்டிலே மார்சியன் என்பார் பழைய ஏற்பாட்டின் தெய்வமும் இயேசு கூறிய தந்தையும் ஒருவராயிருத்தல் இயலாதெனக் கொண்டு இரு தெய்வங்களைப் பிரித்தார்; கி.பி. 144இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரிகன், யோசுவாவின் போர்களை உருவகமாகக் கொண்டு, அழிக்கப்பட்ட கானானியர் மனிதர் நெஞ்சிலுள்ள தீய குணங்களே என விளக்கினார். நீதியின் அளவுகோல் கடவுளின் சித்தமேயாதலின் அச்சித்தத்தை அளக்க வேறு கோல் இல்லை என்றது கல்வினின் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இறையியலாளர் பலர், மனிதரின் அறிவு வளர்ச்சிக்கேற்பவே கடவுள் தம்மைப் படிப்படியாக வெளிப்படுத்தினார் என்றனர்.

இந்நான்கும் அறிவுக் கூர்மையுடைய விடைகளே. ஆயினும் அவை எங்கிருந்து தொடங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. கடவுளின் பெயருக்கு மாசு நேராதிருத்தல் முதற் கவலையாகிறது. வெட்டுண்டவரின் நிலை அதன் பின்னரே எண்ணப்படுகிறது, பெரும்பாலும் எண்ணப்படுவதேயில்லை. ஒரிகனின் உருவகத்தில் எரிகோவின் குழந்தை ஒரு தீய குணமாக மாறிவிடுகிறது. இவற்றுக்கு அப்பால், பிரசங்க மேடைகளில் மிகுதியும் வழங்கும் ஐந்தாவது விடையொன்றுண்டு. அழிக்கப்பட்டவர் அதற்குத் தகுதியானவரே என்பது அது. லுணுகலை உபதேசியார் அளித்ததும் அதுவே. அதனை அவர் தாமே ஆக்கிக்கொள்ளவில்லை. அவருக்குக் கற்பித்தவர்களிடமிருந்து பெற்றார். அவர்கள் எங்கிருந்து பெற்றனர் என்பதை ஆராய்ந்தால் நாம் வரலாற்றினுள் புகுந்துவிடுகிறோம்.

2. யாழ்ப்பாணமும் பாணந்துறையும்

இலங்கையில் இவ்வினா அச்சேறியதும் மேடையேறியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆறுமுக நாவலர், அந்நூலை வரிவரியாகக் கற்றவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நான்காண்டுகளின் பின், 1854இல், நாவலரின் சைவதூஷணபரிகாரம் வெளியாயிற்று. கோயில், பலி, விளக்கு, தூபம், குருமாரின் தூய்மை ஆகிய யாவற்றையும் யெகோவாவே விதித்திருக்க, அவற்றை ஒத்த சைவக் கிரியைகளை இகழ்வோர் தம் வேதத்தையே இகழ்பவராவர் என்பது அந்நூலின் வாதம். எதிரியின் படைக்கலத்தை அவன் கையிலிருந்தே வாங்கிப் பயன்படுத்திய திறன் இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் அவ்வாதம் பலியை விதித்த தெய்வத்தை நோக்கியதேயன்றிப் பலியானவரை நோக்கியதன்று. சாதியமைப்பை ஏற்றுக்கொண்ட ஒரு சீர்திருத்தத்திற்கு, விறகு வெட்டவும் நீர் சுமக்கவும் விதிக்கப்பட்ட கிபியோனியரின் நிலை ஒரு சிக்கலாகத் தோன்றியிருத்தல் அரிது.

தெற்கிலே, 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம், 28ஆம் நாள்களில் பாணந்துறையில் நிகழ்ந்த பெருவிவாதத்தில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கடினப் பகுதிகளை நேரடியாகவே எடுத்தாண்டார். மனிதனைப் படைத்தமைக்காக மனம் வருந்திய கடவுள் எல்லாம் அறிந்தவராதல் எங்ஙனம்? எகிப்தில் வீடுகளை அடையாளங்காண இரத்தக்குறி எதற்கு? வழியிலே மோசேயைக் கொல்ல முயன்றது ஏன்? இரும்புத் தேர்கள் இருந்தமையாற் பள்ளத்தாக்கு மக்களைத் துரத்த இயலாமற்போனது எவ்வாறு? இவை அவர் தொடுத்த வினாக்களுட் சில.

மொழி ஆய்வாளருக்குச் சுவைதரும் செய்தியொன்றும் அவ்விவாதத்தில் உண்டு. யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரத்திலே கடவுள் தம்மைப் பொறாமையுள்ளவராகக் கூறிக்கொள்ளும் இடத்தைச் சிங்கள மொழிபெயர்ப்பாளர் 'ஜ்வலித' என்னும் சொல்லால் மூடிமறைத்தனர் எனக் குணானந்தர் குற்றஞ்சாட்டினார். ஒளிர்தல், சுடர்தல் என்பது அச்சொல்லின் பொருள். அதே இடத்தில் தமிழ் விவிலியம் 'எரிச்சல்' என்னும் சொல்லை ஆள்கிறது. இரண்டும் தீயின் அடியாகப் பிறந்தவை; ஆனால் சிங்களத்தில் அத்தீ ஒளியாகிப் பெருமை பெற, தமிழில் அது வயிற்றிலே எரிகிறது. வயிற்றெரிச்சல் என்பதன் பொருளை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. சிங்கள வாசகருக்குச் சொல்லாலே மறைக்கப்பட்டது தமிழ் வாசகருக்குச் சொல்லாலேயே திறந்துகிடந்தது எனலாம்.

பாணந்துறை விவாதத்தின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்கமுடியாதது. அதன் செய்தி கடல் கடந்து சென்று, 1880இல் ஓல்கொட் இலங்கைக்கு வரவும் துணைநின்றது. குடியேற்ற ஆட்சிக்கெதிரான சிங்கள பௌத்த விழிப்பின் குரலாக அது அமைந்தது. எனினும், பிறர் வேதத்தின் கொடுமையைச் சுட்டும் விரல் தன் வேதத்தின் மீது திரும்பாதிருத்தல் இத்தகைய விவாதங்களின் பொதுக்குறை. துட்டகைமுனுவின் போரில் மாண்ட எண்ணற்றோருள் மனிதராகக் கணிக்கத்தக்கவர் ஒன்றரைப் பேரே எனத் தேரர்கள் மன்னனைத் தேற்றியதாக மகாவமிசம் கூறுகிறது. அடியாராக வந்த இறைவன் கேட்க, பெற்ற மகனையே சிறுத்தொண்டர் அரிந்து கறியாக்கியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. எண்ணாயிரம் சமணர் கழுவேறியமையையும் அதுவே கூறுகிறது. இவற்றுக்கும் உரைகாரர் விடை வைத்திருக்கின்றனர். போரில் மாண்டோர் தவறான கொள்கையினர். இறைவன் செய்தது சோதனையே. சமணர் தாமே இசைந்து கழுவேறினர். எரிகோவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் உடன்பிறப்புகளே இவை. ஆகவே நாம் ஆராயும் சிக்கல் கிறித்தவத்திற்கு மட்டும் உரியதன்று. வென்றவரின் நினைவிலே தொகுக்கப்பட்ட புனித நூல்கள் அனைத்திலும் அது உறைந்துகிடக்கிறது.

3. ஊவாவில் எரிகோ

யாழ்ப்பாணத்திலும் பாணந்துறையிலும் சொற்போராக நிகழ்ந்தது ஊவாவில் அதற்கு முன்னரே இரத்தமும் நெருப்புமாக நிகழ்ந்துவிட்டது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதை மலைத் தோட்டங்களையும் வெல்லஸ்ஸைச் சமவெளியையும் இணைக்கிறது. நூறாயிரம் வயல்கள் என்னும் பொருள்பட வழங்கிய பெயர் வெல்லஸ்ஸ. 1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கு தொடங்கிய கிளர்ச்சி கண்டிய மாகாணங்கள் பலவற்றிற்கும் பரவியது. அதனை அடக்க ஆங்கிலப் படை கைக்கொண்ட வழி ஊரழிப்பாகும். வீடுகள் கொளுத்தப்பட்டன, தானியக் களஞ்சியங்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, பழமரங்கள் வெட்டப்பட்டன. கிளர்ச்சிக்குத் தலைமைதாங்கிய கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் மடிந்த சுதேசிகள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேராயிருக்கலாமென அக்காலத்துப் படை மருத்துவரான ஜோன் டேவியே மதிப்பிட்டார்.

இப்படையெடுப்பை நடத்திய தேசாதிபதி சேர் றொபேட் பிரௌன்றிக். 1812இல் கொழும்பிலே வேதாகமச் சங்கம் நிறுவப்பட்டது அவரது ஆதரவிலேதான். மிஷனரிமாருக்குப் பெருந்துணையாயிருந்தவரும் அவரே. இலங்கையரின் கைகளில் விவிலியம் சேரவேண்டுமென உழைத்த மனிதரும், ஊவாவின் வயல்களிலே தீ மூட்டக் கட்டளையிட்ட மனிதரும் ஒருவரே என்பதை நாம் தனிமனிதப் போலித்தனமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் தம் பக்தியில் உண்மையானவராகவே இருந்திருக்கலாம். அதனாலேயே இவ்வுதாரணம் கனதி பெறுகிறது. ஒழுங்கைக் குலைத்தோருக்கு அழிவு தகும் என்னும் நம்பிக்கை, பேரரசின் தேவையும் வேதத்தின் ஓரிடத்துச் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சூழலில், மனச்சாட்சியைச் சுடுவதில்லை.

மக்கள் ஒழிந்த நிலம் பின்னர் சட்டத்தாலும் ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டமுடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாகக் கருதியது. அவ்வாறு பெறப்பட்ட மலைகளிலே கோப்பி நடப்பட்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதல் அவதானிக்கப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை வந்தது. இரண்டிற்கும் வேண்டிய உழைப்பைத் தமிழகத்துக் கிராமங்கள் கொடுத்தன.

இங்குதான் யோசுவாவின் ஒன்பதாம் அதிகாரம் எமக்குப் புதுப்பொருள் தருகிறது. கிபியோனியர் கிழிந்த செருப்பும் பூசணம் பிடித்த அப்பமுமாக, தொலைநாட்டிலிருந்து வந்தவர் போல் நடித்து உயிர்ப்பிச்சை பெற்றனர். நடிப்பு வெளிப்பட்டதும், உயிர் எஞ்சியது. நிலமும் மதிப்பும் போயின. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியெங்கும் உறவினரைப் புதைத்து வந்த தமிழ்த் தொழிலாளி நடிக்கவில்லை. உண்மையிலேயே தொலைவிலிருந்து கிழிந்த துணியோடு வந்தான். ஆனால் அவனுக்கு விதிக்கப்பட்டது கிபியோனியரின் விதியே. பிறரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்திலே, நிலமற்றவனாக, மரம் வெட்டவும் நீர் சுமக்கவும் அவன் அமர்த்தப்பட்டான்.

தோட்டத் தொழிலாளரிடையே சமயப்பணி செய்வதற்கென 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. பெயரே ஒரு சமூக ஆவணம். தோட்டத்துரைமாரின் நன்கொடை உபதேசிமாரின் சம்பளத்திற்குப் பெரிதும் உதவியது. துரையின் பணத்திலே வாழும் உபதேசியார் எந்த அதிகாரத்தை மிகுதியாக வாசிப்பார் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. எனினும் முழு உண்மை இதுவன்று. பெரிய கங்காணியின் பற்றுக் கணக்கை ஒருவர் தாமே வாசிக்கவும், சொந்தக் கையால் ஒரு மனு எழுதவும் வழிசெய்த எழுத்தறிவு பல தோட்டங்களில் மிஷன் பள்ளிகளின் வாயிலாகவே வந்தது. ஆளும் கருத்தியலின் கருவி தன்னை ஆக்கியோரின் கட்டுப்பாட்டில் என்றும் நிற்பதில்லை.

4. விடுதலைப் பயணமும் அதன் நிழலும்

1940இல் பதுளையை அண்டிய வெவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவின் மூலம் துரைத்தனத்திற்குச் சவால் விடுத்த காலத்தில் திருச்சபைகள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்காலத் தீர்வுக்கு விட்டது. ஒப்பந்தத்தின் இரு பக்கத்திலும் கணக்குப் பார்க்கப்பட்டதேயன்றி அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இந்நாட்டுப் பிரசாவுரிமையை வழங்கிற்று.

இக்கொடுமைகளின் நடுவே, 1970களில் ஊவாவின் கிறித்தவ உலகில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1972 டிசெம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதிமிக்க அப்பதவியை விடுத்து வறிய பதுளையைத் தாமாகவே ஏற்று, 1982இல் மறையும்வரை அங்கு பணியாற்றினார். அதே ஆண்டுகளிலே கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் நிறுவிய சத்தியோதய நிலையம் தோட்ட மக்களின் வாழ்க்கையை ஆராய்ச்சிக்கும் இயக்கத்திற்கும் உரியதாக்கியது. கொழும்பில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் சமூகநீதியே வழிபாட்டின் உரைகல் என எழுதினார். லத்தீன் அமெரிக்காவில் குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூலின் அலை இங்கும் வந்து சேர்ந்திருந்தது. யாத்திராகமம் இப்போது துரையின் நூலன்று. செங்கல் அறுத்த அடிமைகளின் நூல். பார்வோன் யார், எகிப்து எது என்பதை லயத்து மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இவ்வாசிப்புக்கு ஆய்வுத்துறையிலிருந்தும் ஆதரவு கிடைத்தது. 1950களில் கத்லீன் கெனியன் எரிகோவிலே நடத்திய அகழ்வு, யோசுவாவின் காலமெனக் கருதப்பட்ட காலத்தில் அங்கு வீழ்வதற்குரிய மதிலே இருக்கவில்லை எனக் காட்டியது. நோர்மன் கொட்வால்ட் 1979இல் வெளியிட்ட பெருநூலில், மார்க்சிய ஆய்வுமுறையைக் கையாண்டு, பண்டைய இஸ்ரவேலரின் தோற்றம் கானானுக்கு வெளியே இருந்து வந்த படையெடுப்பன்று. கானானிய நகர அரசர்களுக்கெதிராக எழுந்த உழவர் எழுச்சியே என வாதித்தார். இதன்படி அழிக்கப்பட்ட 'கானான்' ஓர் இனமன்று, ஒரு சுரண்டல் முறை.

முற்போக்கு வாசகருக்கு மிகவும் உவப்பான விளக்கம் இது. எமக்கும் ஒரு காலத்தில் இது போதுமானதாகத் தோன்றியது. ஆனால் 1989இல் றொபேட் அலன் வொரியர் என்னும் அமெரிக்கப் பழங்குடி அறிஞர், விடுதலை இறையியலாளரை நோக்கிக் கடினமான வினாவொன்றை எழுப்பினார். அமெரிக்காவில் குடியேறியோர் தம்மை இஸ்ரவேலராகவும் அம்மண்ணின் மக்களைக் கானானியராகவும் கண்டனர். ஆகவே தம் மக்கள் அந்நூலை வாசிக்கும்போது தம்மைக் காண்பது கானானியரிடத்திலேதான் என்றார் அவர். வரலாற்றாய்வு எரிகோவில் மதில் இல்லை என நிறுவலாம். ஆனால் மக்கள் கையிலிருப்பது அகழ்வு அறிக்கையன்று, கதை. கதையில் விடுதலை பெற்றவனின் வாக்களிக்கப்பட்ட நாடு வேறொருவனின் வீடாக இருக்கிறது.

இவ்வினா ஊவாவில் மற்றெங்கினும் கூர்மையாக நிற்கிறது. 1818இன் நினைவு சுமந்த சிங்களக் கிராமத்தவனுக்குத் தோட்டம் என்பது பறிக்கப்பட்ட நிலம். அங்கு வாழும் தமிழன் பறித்தவனோடு வந்தவன். தோட்டத் தமிழனுக்கோ, 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின், கிராமம் என்பது இரவில் தீப்பந்தத்தோடு வரக்கூடியது. இருவருமே ஒரே பேரரசினால் நிலமிழந்தோர். ஆயினும் ஒவ்வொருவரும் தம்மை இஸ்ரவேலராகவும் மற்றவரைக் கானானியராகவும் காணக் கற்பிக்கப்பட்டனர். நடுவே நின்ற பார்வோன் பார்வையிலிருந்து மறைந்துவிட்டான். வர்க்கப் பார்வை இனப் பார்வையால் மறைக்கப்படும் முறைக்கு இதனிலும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இச்சிக்கலைச் செயலால் எதிர்கொண்ட ஒருவரை இங்கு நினைவுகூர்தல் கடமை. மைக்கல் றொட்றிகோ அடிகளார் 1980இல் வெல்லஸ்ஸைப் பகுதியின் புத்தளையிலே, பௌத்த உழவர் நடுவில், 'சுபசெத் கெதர' என்னும் சிறு இல்லத்தை அமைத்து வாழ்ந்தார். மதமாற்றம் அவரது நோக்கமாயிருக்கவில்லை. பிரௌன்றிக்கின் வேதம் தீயோடு வந்த மண்ணிலே, அதே வேதத்தை வைத்திருந்த ஒருவர் வெறுங்கையோடு போயிருந்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கடவுளின் நன்மை பற்றிய ஐயத்திற்கு அவர் எழுதிய எந்த விடையிலும் அவர் வாழ்ந்த இடமே வலுவானது.

5. மக்களின் விடை

தோட்ட மக்களிற் பெரும்பாலோர் சைவ, நாட்டார் தெய்வ வழிபாட்டினர். கிறித்தவர் அவர்களிடையே சிறு தொகையினர். ஒரே லயத்தில், பெரும்பாலும் ஒரே உறவுக்குள் வாழும் இவர்களின் சமய உணர்வுகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்தல் தவறு. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கத்தோலிக்க எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் வளர்ந்த சூழலும் இதுவே.

இம்மக்களின் தெய்வங்கள் 'நல்லவை' என்று எவரும் வாதிடுவதில்லை. அம்மையைத் தருபவளும் மாரி, ஆற்றுபவளும் மாரி. தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரத்தருகே ரோதைமுனிக்கும், கவ்வாத்துக் காலத்தில் கவ்வாத்துச்சாமிக்கும் படையல் இடுவது அவற்றின் நற்குணத்தை எண்ணியன்று. கையும் விரலும் தப்பவேண்டும் என்பதற்காகவே. உழைப்பின் ஆபத்து இங்கு தெய்வ வடிவம் பெறுகிறது. தெய்வத்தின் ஒழுக்கம் பற்றிய கேள்வி இதில் எழுவதில்லை என்று கருதுவோரும் உளர். ஆனால் மாசி மாதத்திலே தோட்டந்தோறும் நிகழும் காமன்கூத்தை நோக்குவோர் அவ்வாறு கூறமாட்டார்.

காமன்கூத்திலே சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கிறது. புராண முறைப்படி நோக்கின் தவத்தைக் கலைத்தவன் தண்டனைக்குரியவன். சிவன் செய்தது நீதியே. அங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் கூத்தின் உயிர்நிலை அதன் பின்னர் வரும் ரதியின் புலம்பலிலேயே உள்ளது. ஏவியவர் தேவர், எரிந்தவன் தன் கணவன் என அவள் முறையிடுகிறாள். பார்த்திருப்போர் சிவனை வணங்குபவரே. ஆயினும் அந்நேரத்தில் அவர்கள் அழுவது ரதியோடு. பிறர் ஏவலால் கடல்கடந்து வந்து, கணவனையும் குழந்தையையும் தேயிலைக்கடியிலே புதைத்த பெண்கள் அப்புலம்பலில் எதைக் கேட்டனர் என்பது விளக்க வேண்டாதது. தெய்வத்தின் செயல் சரியா என்ற வினாவுக்குக் கூத்து விடைகூறுவதில்லை. பாதிக்கப்பட்டவளுக்கு மேடையைக் கொடுத்து, விடியும்வரை அவள் பேச இடமளிக்கிறது.

விவிலியத்திலும் இத்தகைய மேடைகள் உண்டு. யோபு நூலிலே, துன்பத்திற்குக் காரணம் அவனது பாவமே என வாதித்துக் கடவுளைக் காக்க முயன்ற நண்பர்களைக் கடவுளே கண்டிக்கிறார். முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்பது அந்நூலின் தீர்ப்பு. அழிந்தோர் தகுதியானோரே என்னும் ஐந்தாவது விடையை அவ்வேதமே மறுத்துரைக்கும் இடம் இது. மேடைப் பிரசங்கங்கள் இதனை எளிதில் மறந்துவிடுகின்றன.

கிபியோனியர் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2 சாமுவேல் இருபத்தோராம் அதிகாரத்தின்படி, சவுல் அவர்களைக் கொன்ற பழி நாட்டிலே மூவாண்டுப் பஞ்சமாக விளைந்தது. விறகு வெட்டுவோரின் இரத்தத்திற்கும் கணக்குக் கேட்கப்பட்டது. ஆனால் அப்பழிக்கு ஈடாகக் கொல்லப்பட்டோர் குற்றமறியாத ஏழு இளைஞர். அவர்களுள் இருவரின் தாயான ரிஸ்பாள், பாறைமேல் இரட்டுத்துணியை விரித்து, அறுவடை தொடங்கிய நாள்முதல் மழை பெய்யும்வரை, பகலிற் பறவைகளும் இரவில் விலங்குகளும் அவ்வுடல்களைத் தீண்டாதபடி காத்திருந்தாள். அவள் ஒரு சொல்லும் பேசியதாக நூல் கூறவில்லை. இறுதியில் மன்னன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்ய நேர்ந்தது; அதன் பின்னரே கடவுள் நாட்டின் வேண்டுதலுக்கு இரங்கினார் என அவ்வதிகாரம் முடிகிறது. ஏழு பேரும் கொல்லப்பட்டபோது இரங்கியதாக அது கூறவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரை வடக்கிலும் தெற்கிலும் கண்ட நாட்டில், ரிஸ்பாள் பழங்கதையாக இருத்தல் இயலாது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கடினப் பகுதிகள் பற்றிய ஐயம் நம்பிக்கையின்மையின் விளைவன்று. அது மக்களின் அறவுணர்வு விழித்திருப்பதன் அடையாளம். அதனைச் சமயம் பற்றிய பழைய மயக்கமென முற்போக்காளர் புறக்கணித்தால், ஒடுக்கப்பட்டோர் நீதி பற்றிச் சிந்திக்கும் மொழியையே புறக்கணித்தவராவர். அழிந்தோர் அழிவுக்குரியோரே என விடையளிக்கும் போதகர், தாம் அறியாமலே பிரௌன்றிக்கின் வழக்கறிஞராகின்றனர். இத்தகைய பகுதிகளைக் கிழித்தெறிதலும் வெள்ளையடித்தலும் ஒரே தவறின் இரு வடிவங்கள். அவை வென்றோரின் ஆவணங்கள் என்ற தெளிவோடு வாசிக்கப்பட வேண்டும். அவ்வாவணங்களுள்ளே அழியாது நிற்கும் தோற்றோரின் குரல் தேடிக் கேட்கப்பட வேண்டும். மகாவமிசத்துக்கும் பெரியபுராணத்துக்கும் இம்முறையே பொருந்தும்.

கடவுள் நல்லவரா என்பதற்கு எம்மிடம் விடையில்லை. அது எமது துறையும் அன்று. ஆனால் எரிகோவின் பிள்ளைகளுக்காக லுணுகலை லயத்துப் பெண்ணொருவர் வழக்குரைத்தார் என்பது எமக்குத் தெரியும். மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அயல்நாட்டுக் குழந்தைகளை 'எங்களையும்' என்னும் சொல்லினுள் அவர் சேர்த்துக்கொண்டார். அச்சொல்லுக்குள் வெல்லஸ்ஸையின் எரிந்த வயல்களும் இடம்பெறும் நாளில், பதுளையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் அப்பாதையின் இருமருங்கும் வாழ்வோர் ஒருவரையொருவர் கானானியராகக் காணவேண்டிய தேவை இராது. அவரது கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. கேள்வி தவறென எவரும் அவருக்குக் கூறாதிருக்கச் செய்வதேனும் எம்போன்றோரின் கடமையாகும்.